அம்மா சொன்ன ‘பாக்கலாங்க’

தா.பழூர்,
12ஆம் தேதி.

மதிப்பிற்குரிய நஜீமுதீன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு முறை போன் செய்து, மணி அடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். பேசினால் பாதிதான் வரும், அதுவும் தேவையில்லாத பாதி. அதனால் எழுதி, உங்களிடம் துபாய்க்குக் கிளம்பும் உங்கள் தாயார் ஆயிஷா பீவி அம்மாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அவர்களைப் பார்க்க இன்று லெப்பைக்குடிகாட்டுக்கு வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக்கூட உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் முடிக்கிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். நான் சாப்பாடு வேண்டாம் என்றதற்கு, “பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க உன்ன, இம்புட்டு கூச்சப்படுற? உக்காரு புள்ள” என்று தட்டை வைத்துவிட்டார்கள்.

உங்கள் அறக்கட்டளையின் ஆங்கில வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவள் நான். உலகத்தில் பல நாடுகளுக்கு யோசனை சொல்லும் குழு எங்கள் ஊருக்கு வருகிறது, அதில் நீங்களும் ஓர் ஆலோசகர், மொழிபெயர்க்க ஜோதி வரட்டும் என்று நீங்கள் சொன்ன அன்று, என் அப்பா சாமிதுரை தெரு முழுக்கச் சொன்னார்: “வெளிநாட்டு மந்திரிக்கே எம்பொண்ணுதான் வாயி!” வேலைக்குப் போன இடத்திலும் சொல்லியிருக்கிறார்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்ததால் எனக்குப் பயமில்லை. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது, நீ பார்த்துக்கொள் என்று பள்ளிவாசலுக்குப் புறப்பட்டீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் குழுவின் மற்ற இருவரும் எங்கள் தெருப் பெண்களிடம் பேசிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ஐயா. முன்பு மந்திரியாக இருந்த அந்த அம்மா, ஜமுக்காளத்துக்கு வெளியே ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. பெரிய கம்பெனியை நடத்தி ஓய்வு பெற்றவர் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தானியக் கிடங்கு எப்படி வரும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். மேய்ச்சல் புறம்போக்கை அதற்குக் கொடுத்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு இடம் தருகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். நான் தமிழில் சொன்னேன்.

பெண்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. பக்கத்து வீட்டு ஜானகி அக்கா மெதுவாக, “நமக்கு பஸ்ஸு ஃப்ரீ. ஆட்டுக்கு யாரு டிக்கெட் போடுறது?” என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மரியாதைக் குறைவாகத் தோன்றியது. என்ன மரியாதையோ! அந்த அம்மா அதைக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

எல்லோருக்கும் சேர்த்து என் அம்மா ஆண்டாயிதான் பதில் சொன்னார். எழுந்து நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “நீங்க இம்புட்டு தூரம் வந்து கேட்டதே சந்தோசங்க. பாக்கலாங்க” என்றார்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தான். வீடு தேடி வந்தவரிடம், அதுவும் கார் வைத்து வந்தவரிடம், எங்கள் தெருவில் யாரும் முடியாது என்று சொல்லிப் பழகவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் அப்படிச் சொல்லிவிட்டு அந்த ஊரில் இருக்கவும் முடியாது. பாக்கலாங்க என்றால் முடியாது. பெண் கேட்டு வந்தவர்களிடம் பாக்கலாங்க என்றால், அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார்கள்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர்களுக்கு மகிழ்ச்சி, பரிசீலிக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சரி. அந்த அம்மா முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார். உன் ஆங்கிலம் அழகாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்போதே திருத்தியிருக்கலாம். பாராட்டைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படித் திருத்துவது என்று நின்றேன். நீங்கள் திரும்பி வந்து எப்படிப் போனது என்று கேட்டபோதும் நல்லபடியாக என்றுதான் சொன்னேன்.

அன்று மாலை அம்மா ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே, “ஏண்டி, முடியாதுன்னு சொன்னதுக்கா அந்தம்மா அப்புடி சிரிச்சுது? நீ என்னத்த சொன்ன?” என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள் என்றேன்.

அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழாக்க என்னிடமே அனுப்பினார்கள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: ‘நிலத்தைப் பயன்படுத்தும் பெண்கள் இடமாற்றத்தை வரவேற்றனர்.’ அந்த வரியில் ஒரு நாள் முழுக்க நின்றேன். பிறகு அதையும் டைப் செய்து அனுப்பினேன். கீழே உங்கள் மூன்று பேரின் கையெழுத்து இருந்ததால், நான் யார் அதைத் தொடுவதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பஞ்சாயத்து ஆபீஸில் அதை ஒட்டியிருக்கிறார்கள். ஜானகி அக்காவின் மகள் வினோதினி சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். எங்கள் தெரு ஆடுகளுக்கு வேறு மேய்ச்சல் கிடையாது. என் படிப்பே அந்தத் தரையில் மேய்ந்ததுதான். மூன்றாவது செமஸ்டருக்குக் கறுப்புக் கிடா போனது என்று அப்பா இன்னும் கணக்காகச் சொல்வார். பெண்கள் ஆபீஸுக்குப் போய், நாங்கள் எப்போது வரவேற்றோம் என்று கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்தவர்கள், “அன்னிக்கு பெரிய மனுசங்க முன்னாடி தலைய ஆட்டிட்டு, இன்னிக்கு பேச்சு மாறுறீங்களா? இதான் ஒங்க ஆளுங்க புத்தி” என்றார்களாம்.

அம்மா அங்கிருந்து வந்து சோறு போட்டார். நீ என்னத்த சொன்ன என்று இந்தப் பத்து நாளாக மறுபடி கேட்கவில்லை, ஐயா.

இருபத்திரண்டாம் தேதி உங்கள் குழு கூடி முடிவு எடுக்கிறது என்று உங்கள் அறக்கட்டளை இலியாஸ் அண்ணன் சொன்னார். கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் தவறு என்று அத்தனை பெரியவர்கள் நடுவில் சொல்வது உங்களுக்கு எவ்வளவு தலைகுனிவு என்று தெரியும். நீங்கள் சிபாரிசு செய்த சென்னை வேலை எனக்கு இனி வராது என்பதும் தெரியும். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அறிக்கையை மட்டும் திருத்தினால் போதாது, ஐயா. ஊர் ஜனங்கள் மனம் மாறிவிட்டார்கள் என்றுதான் உங்கள் குழுவிலும் எழுதிக்கொள்வார்கள். ஆகவே இதையும் கேட்கிறேன். அவர்கள் அன்றைக்கே முடியாது என்றுதான் சொன்னார்கள், பேச்சு மாறவில்லை, ஜோதி என்ற பெண்தான் மாற்றிச் சொன்னாள் என்று அந்தக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள,
சா. ஜோதி