இலந்தைக்கு வந்த கூட்டம்

சேசு மரி சூசை துணை

வங்காலை,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கிருஷிகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பி டிலோஜனும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் மருமகனும், இன்னும் முகம் காட்டாத எங்கள் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா நாள் தவறாமல் எங்கள் கோயில் அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறா. நேற்றும் போனில் கதைத்தோமே, பிறகு ஏன் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஒரு வசனம் தொடங்கினால் அம்மா அதைப் பிடுங்கி முடித்துவிடுவா, உனக்குத் தெரியும்தானே. இது யாரும் குறுக்கே வராமல் நான் முழுதாகச் சொல்ல வேண்டிய சங்கதி. எங்களிடம் மீன் எடுக்க வரும் சிலாவத்துறை நஸாரின் மகள் ஷப்னா வருகிற கிழமை லண்டனுக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடும் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன். பார்சலைத் திறந்ததும் இலந்தைப்பழம் இவ்வளவுதானா என்று கேட்பாய், அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நீ கடைசியாக வந்தபோது கைப்பைக்குள் தொப்பி போட்ட கொட்டைகள் கொஞ்சம் கொண்டுவந்தாயே, உன் வீட்டுப் பின்பக்கத்துக் கட்டை ஓக் மரத்தில் காய்த்ததென்று. அணில் வருகிறது, நீலச் செட்டைக் குருவி ஒன்று வந்து கொட்டையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு இடத்தை மறந்து போகிறது, அந்த மறதியில்தான் அங்கே காடு முளைக்கிறது என்று நீ சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு. மறதிக்காரன் காடு வளர்ப்பதென்றால் உன் தம்பி இதற்குள் மடுக் காட்டையே வளர்த்திருப்பான். அந்தக் கொட்டைகள் எங்கள் உப்பு மணலில் முளைக்கவில்லை, முளைக்கும் என்று நானும் நம்பவில்லை. நீ போகும்போது, அப்பா, இந்த மண்ணுக்கு எது சரியோ அதை நடுங்கோ, சீவராசிகள் வந்து தின்னட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதே குழிகளில் இலந்தைக் கொட்டையைப் போட்டேன். தண்ணீர் ஊற்றினேனோ இல்லையோ, ஆடு கடித்தும் காற்று அடித்தும் அவை எழும்பிவிட்டன. இப்போது தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கின்றன, போன வருசமே பூத்துக் காய்த்தன. அணில் வந்தது, கொண்டைக்குருவி வந்தது, அந்திப்பட வௌவால் வந்தது, நானும் கதிரையைப் போட்டு அதுகளின் சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா என்னை வேலையற்றவன் என்பா.

இந்த முறை கதை வேறு. உனக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்ற செய்தி வந்த கையோடு, எங்கள் வளவு இலந்தைப்பழம் தின்ன ஆசையாக இருக்கிறது என்று நீ சொல்லிவிட்டாய். அம்மாவுக்கு அதன் பிறகு நித்திரை இல்லை. மசக்கையில் கேட்டது கிடைக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதால் சீழ் வடியும் என்று அவ நம்புகிறா. நான் முருங்கன் சந்தையில் வாங்கித் தருகிறேன் என்றேன், கேட்டது எங்கள் வளவுப் பழத்தை, சந்தைப் பழத்தைக் கொடுத்து வயிற்றுப் பிள்ளையை ஏமாற்றச் சொல்கிறீர்களோ என்று அதட்டினா. உண்மையில் அவவின் கவலை பழம் இல்லை மகள். விசா இரண்டாம் தரமும் சரிவரவில்லை, பிள்ளைப்பேற்றுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது, பிள்ளை பெற்ற உடம்புக்குக் காயத்தண்ணி அவித்துத் தர ஆளில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி கொண்டுவரும் சூப்பில் உப்புமில்லை உறைப்புமில்லை, அவ போனதும் சிங்கில் ஊற்றிவிடுகிறேன் என்று நீ சொல்ல நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், ஆனால் போனை வைத்துவிட்டு அம்மா அழுதா. இந்தப் பழமாவது போய்ச் சேரட்டும் என்று இருந்தா. கடற்காரனிடம் பழத்தைக் காப்பாற்று என்றால் அவன் என்ன செய்வான், வலையைத்தான் எடுப்பான். பழைய நண்டு வலையை விரித்து எல்லா மரத்தையும் அடிவரை மூடிக் கட்டினேன். முள் வலையைப் பிடித்துக்கொண்டது, வலை மரத்தைப் பிடித்துக்கொண்டது. மீனின் கண்ணுக்குத் தெரியாத வலை குருவியின் கண்ணுக்கும் தெரியாது என்பது எனக்கு அப்போது ஓடவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை, பூசை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம், வளவு திடீரென்று இருட்டியது. மழைக்கு இது மாதமில்லையே என்று வெளியே வந்தேன். மகள், நான் அதை எப்படிச் சொல்வேன். வானம் முழுக்கக் குருவி. சூடை மீன் கூட்டம் தண்ணீருக்குள் ஒரே வெட்டாகத் திரும்புமே, ஒன்று சொல்லி ஒன்று கேட்காமல் எல்லாம் சேர்ந்து, அதே திரும்பல் என் தலைக்கு மேல். வாழ்நாள் எல்லாம் நான் கூட்டத்தைக் குனிந்து பார்த்தவன், அண்ணாந்து பார்த்தது அன்றுதான். செட்டைச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. இறங்கினபோதுதான் நிறம் தெரிந்தது, தலையும் செட்டையும் கறுப்பு, முதுகும் வயிறும் இளம் ரோசு. மைனா அளவு. பனை வட்டு, வேலி, கூரை, கிணற்றுக்கட்டு, ஒரு இடம் மிச்சமில்லை. ஆண்டவரே, இதெல்லாம் என் வளவுக்கா என்று வாய் சொன்னது. அம்மா ஈர்க்குமாறோடு கலைக்க ஓடி வந்தவ, நடு முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டா.

கூட்டம் வலைக்கு மேல் இருந்து உள்ளே பழத்தைப் பார்த்துக் கத்தியது. ஒன்று தலையை உள்ளே விட்டு மாட்டிக்கொண்டது. அடிக்க அடிக்கச் செட்டையில் நூல் இறுகியது. நான் கத்தியை எடுத்து வர, அம்மா முள் கீறியதையும் பாராமல் கையை விட்டு அதைப் பொத்திப் பிடித்தா. நூலை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். கையில் பாரமே இல்லை, நெஞ்செலும்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவு மெலிவு என்று அம்மா மெல்லச் சொன்னா. விட்டதும் அது பறந்து போகவில்லை, திரும்பி வந்து அதே வலையில் குந்திப் பழத்தைப் பார்த்தது. அம்மா கையில் ஏறின முள்ளைப் பிடுங்கி எறிந்தா. பிறகு, "இஞ்சாருங்கோ, வலையை முழுக்க அறுத்து விடுங்கோ" என்றா. மகளின் ஆசை என்னவாகிறது, பேரப்பிள்ளையின் காது என்னவாகிறது என்று நான்தான் கேட்டேன். அதற்கு அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவளும் தூரத்திலதான் இருக்கிறாள். நாங்கள் இஞ்ச மூடி வச்சால் அங்க அவளுக்கு ஆர் திறப்பினம்?"

வலை பழுதானால் பொத்திக் கட்டுவேனே தவிர நானாக ஒரு வலையையும் அறுத்தவன் இல்லை. அன்று அறுத்தேன். பிறகு நடந்ததைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். மரம் தெரியவில்லை, இலை தெரியவில்லை, ரோசு நிறம்தான் கொதித்தது. எங்களைப் பொருட்படுத்தவே இல்லை, அம்மாவின் காலடியில் விழுந்த பழத்தைக்கூட வந்து பொறுக்கின. நாங்கள் இருவரும் கோயிலில் நிற்பதுபோல் நின்றோம். வெயில் ஏறுவதற்குள் மரங்களைத் துடைத்து வைத்துவிட்டு, வந்த மாதிரியே ஒரே வெட்டாகத் திரும்பி நானாட்டான் பக்கம் போய்விட்டன. டிலோஜன் போனில் படம் எடுத்து, குருவி பார்க்கத் தூரக்கண்ணாடியோடு வருகிற ஆட்களுக்கு அனுப்பினான். இந்தியாவுக்கும் அப்பால், மலையெல்லாம் தாண்டிப் புல்வெளி நாடுகளில் இருந்து வருகின்றனவாம், மாரிக்கு இங்கே வந்து வெயில் முற்றத் திரும்பிப் போய் அங்கேதான் குஞ்சு பொரிக்குமாம். அவ்வளவு தூரத்திலிருந்து என் குழியில் முளைத்த கட்டை மரத்தைத் தேடி வந்தனவோ என்று நினைக்க இன்னும் மயிர் கூச்செறிகிறது. குஞ்சுக்குப் போகிறதுகள் வழிச்சாப்பாடு தின்றிருக்கின்றன என்று அம்மா அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறா, பேரப்பிள்ளையின் காதைப் பற்றி இப்போது வாயே திறப்பதில்லை.

பார்சலில் இருப்பது மரத்தடியில் பொறுக்கினது, எல்லாம் குருவி கொத்திவிட்டுப் போன கொந்தல். கழுவிக் காயவைத்து உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி அம்மா தானே கட்டினா. கொந்தல் பழம்தான் இனிக்கும், உனக்குத் தெரியாததா. கொட்டையை எறியாமல் உன் ஓக் மரத்துக்குப் பக்கத்தில் ஒன்றைப் புதைத்துப் பார். முளைக்காது, எனக்குத் தெரியும், நீ தந்ததும் இங்கே முளைக்கவில்லைதானே, ஆனாலும் வை. பாரம் தூக்காதே, குளிருக்குக் காதை மூடு, மருமகனை விசாரித்ததாகச் சொல். அன்னம்மாள் உன் கட்டிலடியில் நிற்பா, ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் இரண்டாகப் பிரித்துச் சுகமாய்த் தருவார்.

ஒன்றை மறக்காதே. அந்தப் பக்கத்து வீட்டு மனுசி இனிச் சூப் கொண்டுவந்தால் உள்ளே கூப்பிட்டு இருத்து. உப்பில்லாவிட்டால் உப்பைப் போட்டுக்கொள். கொட்டாதே பிள்ளை, குடி.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
ம. அந்தோனிமுத்து