குவைத்துப் புல்லும் பின்வளவும்

12.10.1980

இரண்டு நாள் மழைதான். முற்றம் அதற்குள் வயல். மூதூர்க் களிமண்ணுக்குத் தண்ணீரைக் குடிக்கத் தெரியாது, வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். இன்றைக்குப் பார்த்துத்தான் மகள் பரீனாவைப் பெண் கேட்டுக் கிண்ணியாவிலிருந்து வர வேண்டுமா? மாப்பிள்ளையின் தாய் செருப்பைச் சேற்றில் பறிகொடுத்துவிட்டு வெறுங்காலோடு படியேறினாள். "முத்தத்தில நாத்து நடலாம் போல" என்று சிரித்தாள். எனக்கு உயிர் போய்விட்டது.

பின்வளவிலிருந்து தங்கச்சி றுக்கியா ஓடிவந்து செம்பில் தண்ணீர் வார்த்து அவள் காலைக் கழுவி விட்டாள். "தங்கச்சி நல்ல பிள்ளை" என்று மாப்பிள்ளையின் தாய் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகளின் காரியத்தில் நல்ல பெயர் எடுக்க இவள் யார்? வாப்பா முன்பக்கக் கல்வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்தார். பின்வளவு மண்வீடு அவளுக்கு. இடையில் வேலி கட்டாமல் விட்டது பிழை.

2.11.1980

பரீனாவின் வாப்பா குவைத்திலிருந்து பேசிப் பதிந்த கசட் அனுப்பியிருக்கிறார். பாதி சலாம், பாதி இருமல். மீதியில் விஷயம்: பிளாஸ்டிக்கில் புல் அனுப்புகிறாராம். அவர் வேலை செய்யும் அரபியின் வீட்டில் விரித்திருக்கிறதாம், வெட்டவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். "முதல்ல களியைத் தோண்டி எடுத்துப்போட்டு, கல்லும் மணலும் நிரப்பி, அதுக்கு மேலதான் விரிக்க வேணும், ஸல்ஹா" என்று இரண்டு தரம் சொல்கிறார். இவருக்கு நான் எப்போதும் இரண்டு தரம் சொன்னால்தான் விளங்குகிறவள்.

3.12.1980

புல் வந்தது. திருகோணமலையிலிருந்து லோஞ்சில் ஏற்றி, இறங்குதுறையிலிருந்து நாலு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். தெருவே பின்னால் வந்தது. ஒரு ஆடு கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது.

6.12.1980

கூலிக்கு இராசையாவைப் பிடித்திருக்கிறேன். தோண்டவும் வேண்டாம், கல்லும் வேண்டாம் என்று சொன்னேன். நாங்கள் என்ன அரபிகளா? நெல்லுக் களம் எப்படிப் போடுகிறோம்? களியைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, அடித்து இறுக்கினால் போதும், நெல் காயும். நெல் காயும் இடத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் கால் நனையுமா? கசட்டில் ஐயா கல்லுப் போடச் சொன்னாராமே என்று அவன் இழுத்தான். களத்தில் எங்கே கல்லைக் கண்டாய் என்று கேட்டேன். அடிக்கத் தொடங்கினான்.

15.12.1980

களம் போடுவது கோடையில். அது இன்றைக்குத்தான் உறைக்கிறது.

விடிய மழை. புல் முழுக்க மிதக்கிறது. அடியில் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கிறது, மிதித்தால் சளக், சளக். அழுகல் மணம். தவளை வேறு. ஐயோ, அடுத்த மாதக் கலியாணத்துக்கு என்ன செய்வேன்? கசட் கேட்ட பரீனாவும் அன்றைக்குத் தடுக்கவில்லை என்று அவளுக்கும் ஏச்சு விழுந்தது.

16.12.1980

பின்பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னேன். இராசையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "அங்கால தங்கச்சிட குசினி எல்லோ அம்மா." வெட்டச் சொன்னால் வெட்டு என்றேன்.

17.12.1980

முற்றம் வடிந்துவிட்டது. அழகு.

19.12.1980

எதிர்பார்த்ததுதான். றுக்கியா வந்தாள், முழங்கால் வரை சேறு. இடியப்பம் அவித்து விற்றுத்தான் அவள் சீவியம். மூன்று நாளாக அடுப்புப் பற்றவில்லையாம். புருஷன் அபூதாஹிர் தோப்பூரில் வயலோடு கிடக்கிறான்.

"ராத்தா, அடுப்புக்குள்ள தண்ணி நிக்குது. வாய்க்காலை றோட்டுப் பக்கம் திருப்புங்களன்."

றோட்டுப் பக்கம் மாப்பிள்ளை நுழையும் வாசல். அங்கே சாக்கடை ஓடவிடவா?

"தண்ணி எங்கயாவது போகத்தானே வேணும்" என்றேன். "உன்ட பக்கம் பள்ளம்."

நான் உள்ளே வந்துவிட்டேன். யன்னலடியில் பரீனா. எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். கேட்கட்டும், வீடு நடத்தப் பழகட்டும்.

4.1.1981

றுக்கியாவின் குசினிச் சுவர் விழுந்தது. மாப்பானையும் போயிற்று. அபூதாஹிர் உழவு மெசினோடு வந்து சாமான்களைத் தோப்பூருக்கு ஏற்றினான். என்னைப் பார்க்கவில்லை. அவள்தான் வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் வைத்தாள். "நீங்களே வெச்சிக்கொள்ளுங்க, ராத்தா." அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

25.1.1981

கலியாணம் சிறப்பு. பரீனாவின் வாப்பா லீவில் வந்து நின்றார். புல்லைப் பார்த்து, கல்லும் மணலும் போட்டாயா என்றார். ஓம் என்றேன். சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து பார்த்தாள். தங்கச்சி எங்கே என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். வீட்டைப் பரீனா பெயருக்கு எழுதியாயிற்று. மருமகன் றஊப் அமைதியான பிள்ளை.

9.8.1981

பரீனா முழுகாமல் இருக்கிறாள். பேறுகாலத்துக்குச் சம்பந்தியும் வந்து நிற்கப் போகிறாளாம். றஊப் தலையைச் சொறிந்துகொண்டு, வீட்டில் இடம் காணாது மாமி என்றான். பரீனா பின்வளவுப் பக்கம் பார்த்தாள். எனக்கு விளங்கியது. மகளுக்கு வீட்டைக் கொடுத்தால் தாய் பின்னுக்குப் போவது எங்கள் வழக்கம்தான். என் உம்மாவும் போனவள். ஆனால் உம்மா தானாகப் போனாள், யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இராசையா விழுந்த சுவரை எழுப்பித் தந்தான்.

20.11.1981

மழை. நான் வந்திருக்கும் பின்வளவுக் குசினிக்குள் தண்ணீர். அடுப்புச் சாம்பல் மிதக்கிறது.

முன்வீட்டுக்குப் போனேன். பரீனா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். புல் பச்சைப் பசேலென்று கிடந்தது. வாய்க்காலை றோட்டுப் பக்கம் திருப்பச் சொல், மகள் என்றேன்.

"மாமி வாற வாசல் உம்மா அது" என்றாள். கோபமே இல்லை. "தண்ணி எங்கயாவது போகத்தானே வேணும். உங்கட பக்கம் பள்ளம்."

கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

23.11.1981

அடுப்பைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். அதற்கும் தண்ணீர் வந்தது. மற்ற மூலைக்கு மாற்றினேன், அங்கே கூரை ஒழுகுகிறது. இன்றைக்கும் சமையல் இல்லை. முன்வீட்டிலிருந்து சோறு வந்தது, மூடி போட்டு, ஆள் மூலமாக.

தோப்பூருக்குப் போகிறவர்கள் யாரும் உண்டா என்று இராசையாவிடம் விசாரித்தேன். தங்கச்சிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டான். சொல்ல ஒன்றுமில்லை. போன வருஷ மழையில் அவள் அடுப்பை எந்த மூலையில் வைத்திருந்தாள் என்று கேட்டு வரச் சொன்னேன்.