மாமரத்தடி மிளகுக்கொடி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மிளகுக்கொடியையும் சேர்த்துக்கொண்டால் மூன்று பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வெயில் இந்த வருஷம் மண்டையைப் பிளக்கிறது. வாசல் கம்பியில் அம்மா ஏற்றிவிட்டிருந்த மிளகுக்கொடி பத்தே நாளில் இலை பொசுங்கிப் பழைய காகிதம் மாதிரி ஆகிவிட்டது. நாற்றுப்பண்ணைக்காரரிடம் கேட்டால், "சார், அது நிழல்ல வளர்றது, வெயில்ல நிக்க வச்சா பாவம் என்ன பண்ணும்" என்று என்னைத்தான் திட்டினார். அம்மா முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்ததால் நானே தொட்டியோடு தூக்கிப்போய்ப் பின்பக்கத்து மாமரத்தடியில் நட்டு, தண்டை மரத்தோடு கட்டி, வேர்மேல் சருகை மெத்தையாகப் போட்டேன்.

உனக்குப் போனில் சொல்லாத ஒன்று உண்டு. நடைப்பயிற்சி தர வந்த பெண் தினமும் கெஞ்சியும் அம்மா கட்டில், நாற்காலி, மறுபடி கட்டில் என்றே இருந்தாள். "விழுந்தா யாரு தூக்குறது" என்று அழுகை வேறு. இப்படியே முடங்கிவிடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். போன மாதம் மூன்று நாள் கொடிக்குத் தண்ணீர் விடவில்லை. இலை தொங்குவதை ஜன்னல் வழியே பார்த்துக் கூப்பிட்டாளாம், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் காதில் விழவில்லை. பேப்பரை முடித்து உள்ளே போனால் கட்டிலில் ஆளைக் காணோம், பின்பக்கம் போய்ப் பார்த்தால் மரத்தடியில் நிற்கிறாள், ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் சொம்பு! அன்றிலிருந்து தினமும் வெயில் தாழ்ந்ததும் அவள்தான் தண்ணீர் விடுகிறாள். கணுவுக்குக் கணு வேர்விட்டு மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு கொடி என் உயரத்துக்கு ஏறிவிட்டது, இரண்டு பச்சைச் சரம்கூட விட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவளை நடக்கவைக்க நான் வேண்டுமென்றே தண்ணீர் விடாமல் இருந்தேனாம். "அவர் மூளையே மூளை" என்று அந்தப் பெண்ணிடம் ஒரே பெருமை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் பாராட்டு, வாயைத் திறந்து கெடுத்துவிடாதே.

நீயும் ஒரு கொடி வைக்கப்போவதாகச் சொன்னாயே, மேற்குப் பார்த்த பால்கனி வேண்டாம், காலை வெயில் மட்டும் எட்டிப்பார்க்கும் மூலையாகப் பார். தொட்டியில் தண்ணீர் தேங்கக்கூடாது, மறக்காதே. இருவரும் மனசும் உடம்பும் குளிர்ந்து நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு: அம்மா எழுதுகிறேன். உறையை ஒட்டுமுன் படித்துவிட்டேன். அவர் மறந்துபோனது எனக்குத் தெரியாதா என்ன? என்னைத் தனியாக நடக்கவிட்டாரே என்று அந்தப் பெண் அவரைப் பிடித்துக் காய்ச்சுவதாக இருந்தாள், அதற்காக அப்படிச் சொல்லிவைத்தேன். அப்பா தூங்குகிறார். தெருமுனைத் தபால்பெட்டிவரை நானே நடந்துபோய் இதைப் போட்டுவிட்டு வருகிறேன்.