ஒன்று போதும் என்றீர்கள்

செனாவாங்,
12 மார்ச் 2024

மதிப்பிற்குரிய டிரெஸ்ஸர் ஐயா அவர்களுக்கு,

விமலா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகம்தானே? போன் போட்டால் உங்களைத் தவிர பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

மெராந்தித் தோட்டத்தை விட்டு வந்தபோது உங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மன்னிக்க வேண்டும் ஐயா. ரதி அக்கா காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுடி, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். உங்கள் வீட்டைக் கடக்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆயாக் கொட்டகையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். ரோகினியின் சின்ன மகள் மாலு கதவைத் தள்ளிக்கொண்டு லோரி ரோட்டுக்குப் போய்விட்டாள். லோரி ஓட்டி வந்த கணேசமூர்த்தி அண்ணன் பிரேக் போட்டதால் பிள்ளை பிழைத்தது. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை நாலு முறை உலுக்கினாராம். அதன் பிறகுதான் விழித்தேன். மேனேஜர் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். நான் தண்ணி போட்டிருந்தேன் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. என் முகமும் வீங்கித்தான் கிடந்தது, பேச்சும் குழறியது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

அக்கா என்னை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சிந்துஜா என்று ஒரு தமிழ் டாக்டர். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு மருந்து பாதிதான் உடம்புக்குள் போயிருக்கிறது என்றார். கழுத்துக் கட்டியோடு அந்தச் சுரப்பியையே எடுத்துவிட்டதால் எனக்கு மாத்திரையை விட்டால் வேறு வழியில்லையாம். முன்பு ஒரு மாத்திரையில் நூறு மைக்ரோகிராம் மருந்து. செப்டம்பரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாற்றிக் கொடுத்த புது மாத்திரை ஐம்பது. அதனால்தான் இரண்டு போடச் சொன்னார்கள். நாம் ஒன்று போட்டோம்.

குறை சொல்ல எழுதவில்லை ஐயா. "ரெண்டு போடச் சொல்றாங்க" என்று உங்களுக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன். நீங்கள் ஒன்று போதும் என்றீர்கள். நவம்பரில் தொண்டை கட்டியது என்று வந்தபோது இருமல் மருந்தும் கொடுத்தீர்கள்.

ஏன் ஒன்று மட்டும் போட்டாய் என்று டாக்டர் கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை.

உங்கள் மகள் போன்ற,
விமலா

*

கோலா பிலா,
20 மார்ச் 2024

அன்பு மகள் விமலாவுக்கு,

சிவசிதம்பரம் ஆசிகளுடன் எழுதுவது. உன் கடிதம் கண்டு மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே அடைந்தோம். அம்மா உன்னை மிகவும் விசாரிக்கிறா.

இந்த மருந்துக் கம்பனிகளின் கூத்தை என்னவென்று சொல்வது? ஒரே மருந்துக்கு ஒன்பது பெட்டி, ஒன்பது நிறம். நான் நாற்பத்தொரு வருடம் தோட்ட மருந்தகத்தில் இருந்தவன். எங்கள் காலத்தில் ஒரு மருந்து வந்தால் பத்து வருடத்துக்கு அதே போத்தல், அதே மூடி. இப்போது ஆஸ்பத்திரிக்காரர்களே மாதத்துக்கு ஒன்றாக மாற்றினால் நோயாளி என்ன செய்வாள்?

நான் ஒன்று என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். சொல்லியிருக்கலாம். நாள் கடந்துவிட்டது, வருகிறவர்களும் பலர். எப்படியிருந்தாலும் நீ டாக்டரிடம் வீண் பேச்சை வளர்க்காமல் விட்டது நல்லது. உன் அப்பா சன்னாசியும் இப்படித்தான், அளந்து பேசுகிற மனுசன்.

இனி ஒழுங்காக இரண்டு போடு. விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் போட வேண்டும். அரை மணி நேரத்துக்குத் தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது. இங்கே நல்ல மழை. தோட்டத்துக் கோயிலுக்குப் புது வர்ணம் அடிக்கிறார்கள். பச்சை நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் கேட்கவில்லை.

அன்புடன்,
சி. சிவசிதம்பரம்

*

செனாவாங்,
8 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய டிரெஸ்ஸர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கோயில் நிறத்தைப் பற்றி உங்கள் பேச்சைக் கேட்காதது ஆச்சரியம்தான்.

எனக்கு உடம்பு தேறி வருகிறது. முகத்து வீக்கம் வற்றிவிட்டது. குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு திரிந்தவள் நேற்று ஃபேன் போடச் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். இங்கே ஒரு டாஸ்கா இருக்கிறது. ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். ஆள் வேண்டுமென்று போட்டிருந்தார்கள், போனேன். அதை நடத்துகிற அம்மாவை எல்லாரும் புவான் என்கிறார்கள். அவருக்கு என்னைப் பிடித்திருந்தது. அவர் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். அங்கே கணக்கு எழுதுகிற கிராணி என்ன சொன்னாரோ, மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ குடிப்பியா?" என்று நேராகவே கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பன்னிரண்டு வருடம் நான் பார்த்த பிள்ளைகள் இன்றைக்குக் காலேஜ் போகிறார்கள் ஐயா. ஒரு பிள்ளையைக் கொசு கடிக்க விட்டதில்லை.

ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டலாம் என்று பார்த்தால், அதில் நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறது. நான் சொன்ன பொய்தான் அது, இப்போது என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நடந்தது என்ன என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கோலா பிலாவில் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது. மாத முடிவுக்குள் வேண்டும்.

உங்கள் மகள் போன்ற,
விமலா

*

கோலா பிலா,
17 ஏப்ரல் 2024

அன்பு மகள் விமலாவுக்கு,

நலம். நீ கேட்டபடி கடிதம் இத்துடன் வருகிறது. மலாயில் எழுதி, பிழை பார்த்து, பழைய ரப்பர் ஸ்டாம்பையும் தேடி எடுத்துக் குத்தியிருக்கிறேன். மை காய்ந்துபோயிருந்தது, இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் மாத்திரை மாறியதால் உன் உடல்நிலை பாதிக்கப்பட்டது என்றும், நீ ஒழுக்கமான குடும்பத்துப் பெண் என்றும், மதுப் பழக்கம் அறவே இல்லாதவள் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அம்மா கடிதத்தை வாசித்ததிலிருந்து என்னுடன் பேசுவதில்லை, இரண்டு நாளாகிறது. வயசு போனால் அப்படித்தான்.

அன்புடன்,
சி. சிவசிதம்பரம்

*

செனாவாங்,
26 ஏப்ரல் 2024

ஐயா அவர்களுக்கு,

நீங்கள் கொடுத்த கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

புவான் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நான் கொண்டுபோன மாத்திரைப் பெட்டியையும் பார்த்தார். "மாத்திரை மாறினா என்ன, ஒட்டியிருக்கிற தாள்ல ரெண்டுன்னு எழுதியிருக்கே. நீ ஏன் ஒன்னு போட்ட?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு முட்டாளைப் போல எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து நானும் படித்தேன். மாத்திரை மாறியது இருக்கிறது. என் வியாதி இருக்கிறது, என் அப்பா பெயர்கூட இருக்கிறது. நீங்கள் மட்டும் இல்லை.

விமலா

*

கோலா பிலா,
10 மே 2024

விமலாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நாள் கடந்துவிட்டது என்று எழுதியது பொய். நீ பெட்டியைக் கொண்டுவந்த அன்று என் கூடத்தில் கணேசமூர்த்தியும் இன்னும் இரண்டு பேரும் பிரஷர் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். நான் பெட்டியில் மருந்தின் பெயரைப் பார்த்தேன். அதன் கீழிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. நீ இரண்டு என்றாய். இரண்டு என்று சொன்னது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நிற்கிற இருபத்துநாலு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையை அத்தனை பேர் முன்னிலையில் திருத்த எனக்கு ஆசை வந்துவிட்டது. "அதே மருந்துதான், ரெண்டு போட்டால் நெஞ்சு படபடக்கும், ஒன்று போதும்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அது எனக்கு நன்றாயிருந்தது.

நவம்பரில் நீ வந்தாய். முகம் ஊதி, குரல் தடித்து, மழைக்குளிரில் வேறு ஒருவரும் நடுங்காதபோது நீ மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றாய். அந்த முகத்தை நான் என் சர்வீசில் பார்த்திருக்கிறேன். என்ன வியாதி என்று படித்துமிருக்கிறேன். மனதில் ஒன்று இடித்தது. மாத்திரையைக் கொண்டுவா, பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் முன்பு சொன்னது பிழை என்று ஆகிவிடும். இருமல் மருந்து கொடுத்து அனுப்பினேன்.

நீ காரில் போனபோது நான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்த கடிதத்தை அம்மாதான், என் அன்னபூரணம்தான், என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தா. "அண்டைக்கு நான் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில நிண்டனான். நீங்கள் சொன்னதை என்ர காதால கேட்டனான். அந்தப் பிள்ளை குடிகாரி எண்டு பேர் எடுக்குது, நீங்கள் ஸ்டாம்பு குத்திக்கொண்டிருக்கிறியள்" என்றா. ஐம்பத்திரண்டு வருடத்தில் அவ என்னை அப்படிப் பேசியது கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து எல்லாரும் இருந்தார்கள். விமலா குடிக்கவில்லை, நான்தான் மருந்தைத் தவறாகச் சொன்னேன், அதனால்தான் அவள் தூங்கினாள் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கோயில் தலைவர் அமிர்தலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஏழப் பொண்ணுக்காக பழிய நீங்க ஏத்துக்கிறீங்க, ஐயாவுக்குப் பெரிய மனசுலா" என்றார். எனக்கு மாலை போட்டார்கள். நான் வேண்டாம் என்று மறுக்க மறுக்க, அதையும் அடக்கம் என்றார்கள். அந்த மாலையோடு வீடு வரை நடந்து வந்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கத்தை அனுபவித்ததில்லை.

மறுநாள் ரோகினி தனியாக வந்தாள். "ஐயா, நெசமாவா? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் ஓமென்றேன். அன்னபூரணமும் ஓமென்றா. "எம்பிள்ள லோரிக்கு அடியில போயிருக்கும் ஐயா" என்றாள். ஊற்றி வைத்த தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனாள்.

இத்துடன் மூன்று கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று டாக்டருக்கு, ஒன்று மேனேஜருக்கு, ஒன்று உன் டாஸ்காவுக்கு. மேனேஜருக்கான பிரதியை நானே ஆபீசில் கொடுத்துவிட்டேன். மூன்றிலும் நான் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. இனி வீட்டில் யாருக்கும் மருந்து சொல்வதில்லை. பிரஷர் பார்க்கிற கருவியையும் கட்டி வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரு ஆறுதல்தான் மிச்சம். அந்த நிலையிலும் நீ என் பெயரைக் காப்பாற்ற டாக்டரிடம் பொய் சொன்னாய். பெற்ற பிள்ளைகூடச் செய்யாது. அதை நினைத்தால் கண் கலங்குகிறது.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை, கேட்கிறேன்.

சிவசிதம்பரம்

*

செனாவாங்,
21 மே 2024

ஐயா அவர்களுக்கு,

மூன்று கடிதங்களும் வந்தன. டாக்டரிடம் கொடுத்தேன். அவர் என் காகிதத்தில் எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார். டாஸ்காவில் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். புவான் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த இடம் காலியானால் கூப்பிடுகிறேன் என்றார். அதுவரை அக்கா வேலை செய்கிற ஃபேக்டரியில் இருக்கிறேன்.

ரோகினி போன் போட்டாள். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. "மாலு பேசணுமாம்" என்று பிள்ளையிடம் கொடுத்தாள். பிள்ளை "ஆயா, சாப்பிட்டியா" என்றது. நான் அழுததைப் பார்த்து அக்கா போனை வாங்கிப் பேசினாள். நீங்கள் கோயிலில் நின்று சொன்னதால்தான் அந்தப் போன் வந்தது. அதற்கு நன்றி ஐயா, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் ஆறுதலை என்னால் விட்டுவைக்க முடியவில்லை. நான் உங்கள் பெயரைக் காப்பாற்றவில்லை.

அந்த டாக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். நம் தமிழ்ப் பெண். என்னை அக்கா என்று கூப்பிட்டு, "யாராச்சும் ஒன்னு போடச் சொன்னாங்களா?" என்று கேட்டார். மருந்தகத்தில் சொன்னதைக் கேட்காமல் தோட்டத்தில் ஒரு வயதானவர் சொன்னதைக் கேட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? இந்தக் காலத்திலும் தோட்டத்து ஆளுங்க இப்படித்தானா என்று அவர் நினைத்திருப்பார். அந்தப் பார்வையை வாங்குவதைவிட மறதிக்காரி என்ற பெயரே மேல் என்று பட்டது. அதனால் சொன்ன பொய் அது. உங்களை நான் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை.

நான் பள்ளியில் பாரம் மூன்று வரை படித்தவள் ஐயா. மலாய் எனக்கு வாசிக்கத் தெரியும். ‘டுவா பிஜி’ என்று, இரண்டு மாத்திரை என்று, அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்னால் எழுந்து ஐந்து மாதம் தினமும் காலையில் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு ஒன்றுதான் போட்டேன். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் கண்ணையே நான் நம்பவில்லை. மீந்த மாத்திரைகளை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ தப்பு என்று தெரிந்தது. உங்களிடம் திரும்பக் கேட்கப் பயம். மருந்தகத்தில் கேட்க வெட்கம். அந்த வெட்கத்தால்தான் மாலு ரோட்டுக்குப் போனாள்.

இதை நான் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் மட்டும் தனியாகப் பழியைச் சுமப்பதும் சரியில்லை.

கோபம் இருக்கிறது ஐயா. பாதி உங்கள் மேல், பாதி என் மேல். அது தீராமல் மன்னித்தேன் என்று எழுதினால் அதுவும் ஒரு மரியாதைக்காக எழுதியதாகிவிடும். மரியாதைக்காக நான் செய்தது போதும். இனி எனக்கு எழுத வேண்டாம். தீர்ந்தால் நானே வருகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சன்னாசி மகள்,
விமலா