கடைசி நாளில் விலை இறங்காது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், தினமும் என் முழங்காலை வாங்கும் இந்த மூன்று மாடிப் படியும் நலம், உன் அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு தடவை சரிம்மா சரிம்மா என்று சொல்லி முடித்துவிடுகிறாய், காகிதத்தில் நீ நடுவில் புகுந்து பேச முடியாது. இன்னொன்று, போனில் அவனிடம் எதையும் உளறக் கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். காகிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் இரண்டு பேரையும் நிதானமாகத் திட்டுகிறேன். தொண்டையில் சின்னக் கட்டி, காலையில் எடுத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உன்னிடம் சொன்னாரே, அது பச்சைப் பொய். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன், குரல்வளையையே எடுக்கப் போகிறார்கள். அந்த டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் எங்களை உட்கார வைத்துச் சொன்னார், உயிருக்குப் பயமில்ல, நேரத்தோட கண்டுபிடிச்சாச்சு, ஆனா குரல் போயிடும், தேதியத் தள்ளிப்போடவும் முடியாது என்று. பிறகு ஏதோ கருவி வைத்துப் பழகினால் சத்தம் வருமாம். வரட்டும், ஆனால் அது உன் அப்பா குரல் இல்லை. முப்பத்தொரு வருஷம் மொத்தச் சந்தையில் கவிழ்த்த பெட்டிமேல் ஏறி நின்று தக்காளி ஏலம் கூவின மனிதர். அவர் கூவின விலை நாலு தெரு தாண்டி நம் சமையலறை ஜன்னலுக்குக் கேட்கும், அன்றைக்கு வியாபாரம் எப்படி என்று நான் அவரைக் கேட்டதே கிடையாது. இப்போது கரகரத்துப் போன அந்தக் குரலும் இன்னும் மூன்று வாரத்தில் இருக்காது. அதனால் நீ பத்தொன்பதுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் அவரைப் பார்க்கலாம், அவர் பேசிக் கேட்க முடியாது.

இப்போது திட்டு. போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன சொன்னாய்? டிக்கெட் இப்ப ரொம்ப ஏத்தி வச்சிருக்காங்கம்மா, கடைசி ரெண்டு நாள்ல காலி சீட்டைத் தள்ளிவிட விலையை எறக்குவாங்க, எறங்கினா போன் கத்தற மாதிரி வச்சிருக்கேன், கத்தினா வர்றேன், இல்லன்னா எல்லாம் முடிஞ்ச பிறகு நிதானமா வர்றேன் என்றாய். அடடா, என்ன மூளை, என்ன மூளை! பெற்றவரைப் பார்க்கப் பிள்ளைக்குப் போன் கத்த வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. தொடையில் தட்டி, என் புள்ளடி அவன், அவசரத்த மூஞ்சியில காட்ட மாட்டான் பாரு என்று என்னிடம் ஒரே பெருமை. காலை ஆறு மணிக்கு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் தக்காளி மதியம் பன்னிரண்டுக்குமேல் வாங்குகிறவன் காலில் விழும், விற்காத சரக்கு அழுகும், அழுகப்போகிற சரக்கு விலை இறங்கியே தீரும், வண்டி கிளம்பிவிட்டால் காலி சீட்டும் அழுகல்தான், ஆகையால் பொறுத்திருந்தால் டிக்கெட் தானாக மடியில் விழும். இதுதான் அவருடைய சித்தாந்தம். உனக்கு ஏழு வயதிலிருந்து இதைத்தான் சோற்றோடு ஊட்டியிருக்கிறார். ரயில் என்ன தக்காளியா என்று கேட்கும் அறிவு உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் இல்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று. நீ போன் கத்தக் காத்திருக்கிறாய், அவரோ அதற்கு முன்பே உனக்கு டிக்கெட் எடுக்கப் புறப்பட்டுவிட்டார். நடந்துவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய், உன் ஊரிலிருந்து பதினைந்தாம் தேதி சாயங்காலம் கிளம்பும் வண்டிக்கு விலை கேட்டிருக்கிறார். நானூற்று இருபது என்று சொல்லியிருக்கிறாள் கவுன்ட்டர்ப் பெண். வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே? முந்நூத்தி அம்பதுன்னு முடிச்சுக்கம்மா, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம் என்று பேரம் பேசியிருக்கிறார். அந்தப் பெண் இவரை மேலும் கீழும் பார்த்ததும், இவர் தன் பெரிய வித்தையை எடுத்து விட்டார். விலை படியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு அடி நடக்க வேண்டும், ஐந்தாவது அடிக்குள் வியாபாரி கூப்பிடுவான், அதுதானே உனக்கும் சொல்லிக்கொடுத்தது? நடந்தார். நாலு அடி, எட்டு அடி, வாசல்வரை நடந்தார். அவள் கூப்பிடத்தான் செய்தாள், வரிசையில் அடுத்து நின்றவனை.

அத்தோடு விட்டாரா? மறுநாள் போனார், நானூற்று அறுபது. இரண்டு நாள் கழித்து ஐந்நூற்று முப்பது, அப்புறம் அறுநூற்றுப் பத்து. வீட்டுக்கு வந்து என்னிடம், எல்லாம் பூச்சாண்டி, நான் பாக்காத ஏலமா, எறங்குவான் பாரு என்பார். போதாக்குறைக்கு, நாம் விவரம் என்று கூப்பிடும் மேல்வீட்டுக்காரர் வேறு. வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற மனுஷன், உலகத்தில் அவருக்குத் தெரியாத விவரமே கிடையாது என்பதால் அந்தப் பெயர். தினம் ஒரே ஆள் போய்க் கேட்டா கம்ப்யூட்டருக்கு ஆள் அடையாளம் தெரிஞ்சுடும், அதான் ஏத்துது என்று இவர் காதில் பூ சுற்றியிருக்கிறார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? அலமாரியைக் குடைந்து உன் பழைய தொப்பியைத் தேடி எடுத்து, அதைப் போட்டுக்கொண்டு போனார். அறுநூற்றைம்பது. தொப்பிக்கு நாற்பது கூடுதல்.

அதற்குப் பிறகுதான் நானே ஒரு நாள் போய், அந்தப் பெண்ணிடம் தன்மையாகக் கேட்டேன், இது என்னம்மா கணக்கு என்று. நல்ல பெண். முதல்ல கொஞ்சம் சீட்டை மலிவா வைப்பாங்கம்மா, அது தீந்ததும் அடுத்த விலை, அதுவும் தீந்தா அதுக்கு மேல, ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தவங்களுக்கு இதே சீட்டு முந்நூறு, கடைசியில ஓடி வர்றவங்க எப்படியும் போயே ஆகணும்னு வர்றவங்க, அவங்ககிட்ட எதுக்கு எறக்கப் போறாங்க என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அதே பலகை, அதே ஆட்டம், தாழ்ப்பாள் விழாத அதே கக்கூஸ் கதவு. ஊர் சுற்றப் போகிறவனுக்கு முந்நூறு, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவனுக்கு எழுநூறு. யாருக்கு வலி அதிகமோ அவன் தலையில்தான் மிளகாய் அரைப்பார்களாம், அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேறு. உன் அப்பாவுக்கும் உனக்கும் இது உறைக்கவே இல்லை. சந்தையில் சரக்கை வைத்திருப்பவனுக்குத்தான் நேரம் போகப் போகப் பயம். இங்கே பயம் நம்முடையது. காலி சீட்டோடு வண்டி போனாலும் அவர்கள் தூக்கம் கெடாது. இரண்டு மாதம் முன்னால் நமக்கு இந்தக் கட்டி பற்றி யார் சொன்னார்கள், மலிவு டிக்கெட் எடுத்து வைக்க?

நேற்று அவர் கடைசியாகப் போய்விட்டு வந்தார். படி ஏறி வந்து, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார், எழுநூறாம், அவன வர வேணாம்னு சொல்லிடு, அவ்வளவு குடுத்துக் கேக்க என் குரலு பெறாது என்று. ஆயிரம் பெட்டிக்கு விலை சொன்ன மனுஷன், தனக்குச் சொல்லிக்கொண்ட விலையைப் பார்த்தாயா? எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கரண்டியை வீசியிருப்பேன். திட்டவும் முடியவில்லை. அழுதேன், சொன்னால் என்ன, நன்றாகவே அழுதேன்.

இன்று காலை கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுநூற்று நாற்பது. பேரம் பேசவில்லை, நாலு அடி நடக்கவில்லை, கொடுத்துவிட்டேன். எந்தக் காசு என்று கேட்டு என் வாயைக் கிளறாதே. டிக்கெட் இந்த உறைக்குள் இருக்கிறது, உன் பெயரில், ஜன்னல் ஓரம். திருப்பிக் கொடுத்தால் ஒரு காசு வராது, வேறு யார் பெயருக்கும் மாற்ற முடியாது, ஆபீஸில் லீவு இல்லை என்று கதை விட்டால் அந்த இடம் காலியாகத்தான் வரும். திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் இன்றைக்கே நீ போட்டுக்கொள், முப்பதாம் தேதிக்கு இப்போது முந்நூற்று எண்பதுதானாம், அதற்கும் போன் கத்தட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. மருமகளிடம் உண்மையை முழுதாகச் சொல், உன் அப்பா என்னை ஆக்கியது மாதிரி அவளைப் பொய்க்குக் கூட்டாளி ஆக்காதே.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல், வீடு நிறையப் பேச்சும் சிரிப்புமாக நீண்ட காலம் வாழ வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. நீ வருவதை அவரிடம் நான் சொல்லவில்லை. பதினாறாம் தேதி காலை ஆறு இருபதுக்கு வண்டி வரும், ஏழு மணிக்கு வீட்டு வாசலில் இருப்பாய். அந்நேரம் அவர் நாற்காலியில்தான் இருப்பார், நான் வேண்டுமென்றே சமையலறையைவிட்டு வரமாட்டேன். மணி அடித்துவிட்டுப் பேசாமல் நில். யாருடா அது என்று உள்ளேயிருந்து கேட்பார். உடனே பதில் சொல்லிவிடாதே. இன்னொரு தடவை கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத
அம்மா