வெங்காயக் காட்டுக்குள் விட்ட தண்ணீர்

அன்புள்ள அக்கா,

இன்று சிங்காநல்லூர் வீட்டில் பழைய ரப்பர் பூட்ஸைக் கழுவ எடுத்தேன். உள்ளேயிருந்து துருவாடை வந்தது. உங்கள் ஊர்ச் சுரங்கத் தண்ணீரின் வாடை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கைவிடப்பட்ட சுரங்கக் குழியிலிருந்து செந்நிறமாகக் கசிந்த அந்தத் தண்ணீரை, நாணலும் சம்புப் புல்லும் நட்ட குளங்கள் வழியே மெல்ல விட்டுத் தெளியவைப்பது என் வேலை. முதல் குளம் உங்கள் வெங்காயக் காட்டை ஒட்டியிருந்தது. "புல்லு வெச்சா தண்ணி சுத்தமாயிருமாக்கும்?" என்று சிரித்தீர்கள். தண்ணீர் தெளிந்து கடைசிக் குளத்தில் தவளை கத்திய அன்று, நீங்கள்தான் போன் செய்து சொன்னீர்கள்.

பிறகு அந்த ஐப்பசி மழை. குழி நிரம்பி வழிந்து, முதல் குளத்தின் கரையில் விரிசல் ஓடியது. மணல் மூட்டை அடுக்க அடுக்க மண் இளகியது. தெற்கே உடைந்தால் அத்தனையும் அந்தப் பக்கமிருந்த காலனியின் குடிநீர்க் கிணற்றில் இறங்கும். வடக்கே கரையை வெட்டிவிட்டால் கிணறு தப்பும். உங்கள் காடு போய்விடும். வெங்காயம் எடுக்கிற பருவத்தில் இருந்தது.

நனைந்தபடி வந்து நின்றீர்கள்.

"ஏனுங்க அம்மணி, கரை நிக்குமா?"

"நிக்காதுங்க்கா."

கிணற்றைப் பார்த்தீர்கள். காட்டைப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்ற ஆளிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினீர்கள்.

"நானே வெட்டிப்போடறேன். நீங்க வெட்டுனா எம் பையன் உங்ககிட்டச் சண்டைக்கு வருவான்."

சிவப்புத் தண்ணீர் பாத்தி பாத்தியாக ஏறியது. நீங்கள் திரும்பவேயில்லை. உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிணறு தப்பியது. உங்கள் காட்டில் துருச்சேறு படிந்து கிடந்தது. மறுநாள் காலையில் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டேன், கூப்பிடத்தான் தைரியமில்லை. நீங்களே கதவைத் திறந்தீர்கள். எப்போதும் கேட்பதுபோல் காபி வேண்டுமா என்று அன்று கேட்கவில்லை.

"வருத்தம் இருக்குதுங்க. இல்லீன்னு சொல்லமாட்டேன். அதுக்காவ வராம இருந்துபோடாதீங்க."

வந்துகொண்டுதான் இருந்தேன். சேற்றை வழித்தெடுத்து, மண் மாற்றி, மறுபடி வெங்காயம் ஊன்றினோம். அது முளைவிட்ட வாரம் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. அந்த வருத்தம் தீர்ந்ததா என்று கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது உபரித் தண்ணீருக்கு வழி வைக்காமல் எந்தக் குளமும் வெட்டுவதில்லை. ஆனாலும் சில சமயம் ஏதாவது பிசகிவிடுகிறது. அப்போதெல்லாம் மறுநாள் விடிந்ததும், யாருக்கு நட்டமோ அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். இன்றும் கூப்பிடத் தைரியம் வருவதில்லை, அக்கா. கதவு திறக்கும்வரை நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.