உருண்டையின் மருந்துப் பெட்டி

மார்ச் 4

நர்ஸம்மாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன் அக்கா வீடு அதிரச் சிரிக்காதே. நேற்று நம் கினிப்பன்றிக்கு நகம் வெட்டப் போய் நான் மயங்கி விழுந்தேன். ஒரே ஒரு சொட்டு ரத்தம். அதுவும் என்னுடையது இல்லை. கண் விழித்தபோது உருண்டை என் மார்பின்மேல் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. யாருக்கு யார் முதலுதவி செய்தது என்றே தெரியவில்லை.

வீட்டைக் குடைந்து பார்த்தால் உன் தலைவலித் தைலமும் என் தலைச்சாயமும்தான் இருக்கின்றன. உருண்டைக்கென்று ஒரு மருந்துப் பெட்டி வேண்டாமா? என்னென்ன வைக்க வேண்டும், எழுது. மூக்குக்கண்ணாடி விற்கிறவனுக்கு என்ன தெரியும்?

இப்படிக்கு,
விழுந்து எழுந்தவன்

மார்ச் 9

கண்ணாடிக்காரருக்கு,

தைலத்தை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நகத்தில் ரத்தம் வந்தால் சோள மாவை ஒற்றி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியில் காயத்தில் கட்ட காஸ் துணி, கண் கழுவ சலைன், முனை மழுங்கின கத்தரி, சுற்றிப் பிடிக்க ஒரு துண்டு, ஊட்டுவதற்கு ஊசியில்லாத சிரிஞ்ச். மூடியில் மிருக வைத்தியரின் நம்பரை ஒட்டுங்கள். நம் மாத்திரை எதுவும் கூடாது. அரைநாள் சாப்பிடாவிட்டால் அவரிடம் ஓடுங்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். வாராவாரம் எடை பாருங்கள். நோயை மறைக்கிற பிராணி அது, எடைதான் காட்டிக்கொடுக்கும்.

நான் எப்போது வருவேன் என்று அக்காவைக் கேட்டீர்களாம். நான் அழுதுகொண்டு நின்ற அன்று நீங்கள் ஜோக் அடித்தீர்கள். அது இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
உருண்டையின் நர்ஸ்

மார்ச் 24

நர்ஸம்மாவுக்கு,

பெட்டி தயார். சோள மாவு கடையிலிருந்து எடுத்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில், சிரிஞ்ச் இன்னொரு கூட்டில். மருந்துக்கடை அம்மாள், "பேஷண்டுக்கு என்ன வயசு?" என்றாள்.

"ரெண்டு."

"அடடா, பச்சப்புள்ள! என்ன பண்ணுது?"

"புல்லத் தின்னுட்டு சும்மா கெடக்குதும்மா."

மீதிச் சில்லறையை எட்ட நின்றே நீட்டினாள்.

மத்தியானங்களில் கடையைச் சாத்திவிட்டு உருண்டையின் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்கிறேன். அது கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறது. திரைச்சீலை மூச்சு விடுகிறது. காய்ந்த புல் வாசனையில் வீடே மெல்ல மிதந்து எங்கேயோ போவது போலிருக்கிறது. தெருவில் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால், நீயோ என்று அதன் காது எழும்புகிறது. என் காதும்தான்.

அன்றைக்கு ஜோக் அடித்தது, நீ அழுவதைப் பார்க்கப் பயந்து. ஒரு சொட்டுக்கே விழுகிறவன் நான்.

ஒரு கவலை. நம் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். போன வாரம் எடை குறைந்திருந்தது, இந்த வாரம் இன்னும் குறைவு. வைத்தியரோ, "இதுக்கு ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் தின்னுது" என்கிறார். ஏக்கமாகத்தான் இருக்கும். நீ ஒரு நடை வந்து பார்த்தால் தேவலை.

இப்படிக்கு,
உன் இரண்டு பேஷண்டுகளில் மூத்தவன்

மார்ச் 29

கண்ணாடிக்காரருக்கு,

ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். உருண்டையைப் பார்க்க மட்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே நம்புங்கள். நகத்தை நானே வெட்டுகிறேன். நீங்கள் துண்டோடு பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நான் அழுதால் மட்டும் இந்தப் பக்கம் பாருங்கள்.

இப்படிக்கு,
நர்ஸம்மா

பி.கு. சமையலறைத் தராசு இங்கேதான் இருக்கிறது. புறப்பட்ட அன்றே கோபத்தில் என் பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.